ஆட்சேபம் சொன்ன குரல்

ஆல்டர்பி, லிங்கன்ஷயர்
மார்ச் 4, சனிக்கிழமை

ராட்னி,

தொலைபேசியில் கூப்பிடப் போவதில்லை. கூப்பிட்டால், "அக்கா, நீ முதல்ல உக்காரு, ஒரு டீ குடி" என்பாய். நான் உட்காருவதற்குள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாய். தொகுதியிலிருந்து தபாலில் வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போடுகிற நாடாளுமன்ற உறுப்பினர் என்று மேடைதோறும் பெருமையடித்துக்கொள்கிறாய் அல்லவா? அதனால் தபால்தலை ஒட்டி எழுதுகிறேன். ஒரே ஒரு கேள்விதான். பதில் சொல்.

நேற்று மத்தியானம் கடையில் கூட்டமில்லை. கோழித் தீவனம் வாங்க வந்த ஐவி பிக்கெட், வாங்கிய பிறகும் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினியில் நாடாளுமன்ற நேரலையைப் போட்டு வைத்திருந்தேன். குட்டி போடுகிற மாதங்களில் வயல் முயலைச் சுடக் கூடாது என்கிற மசோதா வருகிறது என்று நீதான் சொல்லியிருந்தாய். "வெள்ளிக்கிழமை பாரு அக்கா" என்றாய். பார்த்தேன்.

ஐவிக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை என்பது தனி உறுப்பினர்களின் மசோதாக்களுக்கான நாள். இரண்டரை மணி அடித்துவிட்டால் அப்புறம் விவாதம் கிடையாது, மிச்சமிருக்கும் மசோதாக்களின் தலைப்பை மட்டும் வாசித்துக்கொண்டே போவார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் மசோதா அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். யாராவது ஒருவர், எழுந்திருக்கக்கூட வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே "ஆட்சேபம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் மசோதா அங்கேயே படுத்துவிடும்.

"ஏன்னு காரணம் சொல்ல வேணாமா?" என்று கேட்டாள் ஐவி.

"வேணாம்."

"பேராவது?"

"பேரும் கிடையாது. 'ஓர் உறுப்பினர்: ஆட்சேபம்'னு குறிப்புல போடுவாங்க. அவ்வளவுதான்."

"நல்லா இருக்கே கதை! எங்க மாதர் சங்கத்துல ஜாம் போட்டியில ஒருத்தியைத் தள்ளணும்னாகூட ஏன்னு சொல்லித்தான் ஆகணும்."

"வயல் முயல் பாதுகாப்பு மசோதா" என்று வாசித்தார்கள். கேமரா சபாநாயகரின் நாற்காலியைக் காட்டிக்கொண்டிருந்தது. பின்வரிசைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. ஆட்சேபம். அதில் அந்த 'சே'யை இழுத்த இழுப்பு எனக்குத் தெரியும். நம் ஊர் மைதானத்தில் பந்து வீசும்போது, அடிக்கிறவன் காலில் பட்டால் போதும், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவரைப் பார்த்து அவுட் கேட்பாயே, அதே இழுப்பு. ஆல்டர்பியில் பாதிப் பேர் அந்தச் சத்தத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கலைந்து எழுந்தவர்கள்.

ஐவி என் முகத்தைப் பார்த்தாள். நான் கணினியை அணைத்துவிட்டேன்.

அது நீ இல்லை என்று எழுது. வேறொன்றும் வேண்டாம்.

பெரில்


மக்களவை, லண்டன்
மார்ச் 13

அன்புள்ள திருமதி ஸ்கெல்டன் அவர்களுக்கு,

வயல் முயல்களின் பாதுகாப்பு தொடர்பாகத் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. இம்முக்கியமான பொருள் குறித்து நேரம் ஒதுக்கி எழுதியமைக்கு என் மனமார்ந்த நன்றி.

கிராமப்புறத்தில் வளர்ந்தவன் என்ற முறையில், தங்களைப் போன்றே நானும் நம் வனவிலங்குகள் மீது ஆழ்ந்த பற்றுடையவன். இந்நாட்டின் ஆறுகளுக்கும் புதர்வேலிகளுக்கும் உயிரினங்களுக்கும் உண்மையான காவலன் நமது கட்சியே என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் திருமதி பென்ஹேல் கொண்டுவந்த மசோதா நல்ல நோக்கம் உடையது எனினும், அதன் வரைவில் சில குறைபாடுகள் இருப்பதாக அரசு கருதுகிறது. உரிய காலத்தில், உரிய தரப்பினருடன், உரிய முறையில் கலந்தாலோசித்து, உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.

தங்கள் பகுதியின் செய்திகளை உடனுக்குடன் அறிய என் மாதாந்திர மின்மடலில் இணையுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ராட்னி லெகட், நா.உ.


ஆல்டர்பி
மார்ச் 15

ராட்னி லெகட், நா.உ. அவர்களே,

"கிராமப்புறத்தில் வளர்ந்தவன் என்ற முறையில்." ஆமாம், ஒரே வீட்டில் வளர்ந்தோம். உன் மூக்கை நான்தான் துடைத்துவிட்டேன். மின்மடலில் இணையவேண்டுமா? அந்த மின்மடலில் ஆல்டர்பி செய்திகளை எழுதிக் கொடுப்பதே நான்தானே, கட்சியின் கிளைச் செயலாளர்!

கடிதத்தைக் கென்னிடம் காட்டினேன். உன் அத்தானுக்குச் சட்டென்று கோபம் வராது, உனக்குத் தெரியும். முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "கையெழுத்து அவனே போட்டானா, இல்ல ரப்பர் ஸ்டாம்பா?" என்று கேட்டார். விரலில் எச்சிலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மை கலைந்தது. ஆக, உன் கையாலேயே போட்டிருக்கிறாய். என் பெயர் மேலே இருக்கிறது, அதைக்கூடப் படிக்காமல் போட்டிருக்கிறாய்.

நான் கேட்டது ஓர் 'இல்லை'. நீ அனுப்பியது நாலு 'உரிய'.

துண்டறிக்கை நினைவிருக்கிறதா? போன தேர்தலில் அடித்தது. டாஃப்ட் சந்துக்குப் பக்கத்து வயலில் நான் அந்த முயல்குட்டியைப் பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். ஓடி வந்தாய். தொடாதே, பக்கத்தில் மட்டும் உட்கார் என்றேன். உட்கார்ந்தாய், நான் படம் எடுத்தேன். கீழே நீயே யோசித்து ஒரு வரி போட்டாய்: "இவற்றுக்காகவும் பேசுவேன்." அதை நான் இந்தத் தொகுதி முழுக்க வீடுவீடாகக் கொண்டுபோனேன். மழையில் போனேன். ஒரு வீட்டு நாய் என் கையைக் கடித்தது, தையல் போட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்றுகொண்டு, "என் தம்பி சொன்னா செய்வான்" என்று சொன்னது என் வாய். கட்சியின் வாய் இல்லை.

ஐவி ஆயுளில் நம் கட்சிக்கு ஓட்டுப் போட்டதில்லை. போன தடவைதான் போட்டாள். "எங்கப்பா இருந்திருந்தா என்னை வீட்டுக்குள்ளயே விட்டிருக்கமாட்டாரு பெரில். உனக்காகவும் அந்தக் குட்டிக்காகவும் போட்டேன்" என்று சொன்னவள். நேற்றுக் கடையில் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது சொல்கிறாள்: "பேசுவேன்னு சொன்னான், பேசிட்டானே! ஒரு வார்த்தைன்னாலும் ஓங்கிப் பேசினான். இந்தக் காலத்துல யாரு சொன்னபடி செய்யறா?" எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கோதுமையை நிறுத்துப் போட்டேன். எனக்கு இந்த ஊரில் தலைகுனிந்து பழக்கமில்லை.

நீயா, இல்லையா?

பெரில்


லண்டன்
மார்ச் 17

அக்கா,

அந்தக் கடிதத்துக்கு மன்னித்துவிடு. முயல் என்று வருகிற எல்லாக் கடிதத்துக்கும் அலுவலகத்திலிருந்து போகிற பதில் அது. கட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள், போட்டுக்கொண்டே போவேன். பார்த்திருக்கவேண்டும். கென் அத்தானிடம் நான் வெட்கப்பட்டதாகச் சொல்.

நான்தான். போதுமா?

இப்போது கொஞ்சம் நான் சொல்வதையும் கேள். நீ கணினியில் பார்ப்பது அவையின் முகப்பை மட்டும். உள்ளே எப்படி நடக்கிறது என்பது வேறு. புதன்கிழமை தேநீர் அறையில் கொறடா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ராட்னி, வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறீங்களா? போகலைன்னா ஒரு சின்ன வேலை. இரண்டரைக்கு ஒரு சத்தம் குடுங்க, போதும்" என்றார். அரசாங்கம் முயலுக்கு எதிரி என்று வெளியே தெரியக்கூடாது. அதனால் அமைச்சர்கள் வாய் திறக்கமாட்டார்கள், பின்வரிசையில் ஒருவரைத் திறக்கச் சொல்வார்கள். எல்லாக் காலத்திலும் எல்லாக் கட்சியும் செய்வதுதான். அவர்கள் ஆட்சியில் இருந்தபோது நம் ஆட்கள் கொண்டுவந்த மசோதா எத்தனை இப்படிப் போயிற்று என்று உனக்குத் தெரியாது.

மசோதா கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது பென்ஹேல் அம்மாளின் மசோதா. அது நிறைவேறினால் அடுத்த தேர்தலில் நம் முயல் அவர்கள் துண்டறிக்கையில் உட்கார்ந்திருக்கும். அடுத்த வருஷம் நாமே கொண்டுவரப் போகிறோம். அதே முயல், அதே மாதங்கள், மேலே நம் கட்சிப் பெயர். சுற்றுச்சூழல் அமைச்சருக்கு நாடாளுமன்ற உதவியாளராக என் பெயர் அடிபடுகிறது. இன்னும் யாரிடமும் சொல்லாதே. அந்த இடத்துக்குப் போய்விட்டால் ஒரு முயல் என்ன, ஆறு, காடு, பறவை எல்லாவற்றுக்கும் என்னால் செய்யமுடியும். வெளியே நின்று நியாயம் பேசுகிறவர்களால் இந்த நாட்டில் ஒரு புல்லும் பிழைக்கவில்லை அக்கா. உள்ளே இருப்பவன்தான் காப்பாற்றமுடியும்.

நம் கிளைத் தலைவர் டென்ஹோம் பற்றியும் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவருடைய நிலத்தில்தான் வேட்டை நடக்கிறது. அவரைப் பகைத்துக்கொண்டு இந்தத் தொகுதியில் யார் நிற்கமுடியும்?

கடைசியாக ஒன்று. கோபப்படாதே. உன் கடையில் தோட்டாப் பெட்டி விற்கிறாய். பிப்ரவரியில் வந்து வாங்குகிறவனிடம் எதைச் சுடப் போகிறாய் என்று கேட்டிருக்கிறாயா?

ராட்னி


ஆல்டர்பி
மார்ச் 19, ஞாயிறு

ராட்னி,

கேட்டிருக்கிறேன். "புறா" என்பார்கள். பிப்ரவரியிலும் புறா, மார்ச்சிலும் புறா. பொய் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். சட்டம் அவர்கள் பக்கம் இருக்கும்போது தீவனக் கடைக்காரி கேட்டு என்ன ஆகப்போகிறது? "உனக்கு எதுக்கு பெரில் அதெல்லாம், பெட்டியை எடு" என்று சொல்லிவிட்டுப் போவான். என் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கட்டும் என்றுதான் இந்த மசோதாவுக்காகத் தவம் கிடந்தேன். தோட்டா விற்பதில் எனக்கு வெட்கம் இல்லை. முயலைச் சுடவே கூடாது என்று நானும் சொல்லவில்லை, பென்ஹேலும் சொல்லவில்லை. குட்டி போடுகிற மாதங்களில் சுடாதே என்றுதான் கேட்டோம். கௌதாரிக்கு அந்தத் தடை உண்டு, வாத்துக்கு உண்டு, மானுக்கு உண்டு. முயலுக்கு மட்டும் இல்லை.

உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்லவில்லை. உன் கொறடாவுக்குத் தெரியாது, அவரிடம் போய்ச் சொல். வயல் முயல் வளை தோண்டாது. மண்ணில் ஒரு சின்னப் பள்ளம், அதில் குட்டி படுத்திருக்கும். அம்மா பகலில் பக்கத்திலேயே வராது, வந்தால் நரி பார்த்துவிடும். பொழுது சாய்ந்ததும் ஒரே ஒரு தடவை வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். போன வாரம் டென்ஹோமின் நிலத்தில் வேட்டை நடந்தது. மறுநாள் கென் நாயைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாக நடந்துபோனார். வரப்பு ஓரத்தில் பள்ளத்தில் மூன்று குட்டிகள். அடுத்த நாளும் அங்கேயே இருந்தன, பால் கொடுக்க அம்மா வரவில்லை. அதற்கடுத்த நாள் இரண்டுதான் அசைந்தன. வீட்டுக்கு எடுத்துவந்து பாலூட்டிப் பார்த்தோம். ஒன்றும் பிழைக்கவில்லை. கென் தோட்டத்தில் குழி வெட்டினார்.

குட்டி கத்தாது ராட்னி. பசித்தாலும் கத்தாது. கத்தினால் நரி வந்துவிடும் என்று அதற்குப் பிறக்கும்போதே தெரியும். அதற்குப் பதிலாகக் கத்தத்தான் உன்னை அங்கே அனுப்பினோம். நீ போய் யாருக்காகக் கத்தினாய்?

"அதே முயல், அதே மாதங்கள், மேலே நம் கட்சிப் பெயர்." இதை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? அடுத்த வருஷம் என்கிறாய். இந்த வருஷம் பிறந்ததுகளிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லட்டுமா? எந்தக் கட்சி மசோதாவால் பிழைத்தோம் என்று முயலுக்குத் தெரியுமா? நம் கட்சி நாடாவைக் கழுத்தில் கட்டிக்கொண்டா அது வயலில் ஓடுகிறது? தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்கும் முள்ளெலி மேல் காதல், தேனீ மேல் காதல், ஆறு என்றால் உயிர். முடிந்ததும் யார் காப்பாற்றினால் யாருக்குப் பெயர் என்று சண்டை போட்டு, இரண்டு பேருமாகச் சேர்ந்து சாகவிடுகிறீர்கள்.

மசோதா மறுபடி 24ஆம் தேதி வெள்ளிக்கிழமைப் பட்டியலில் இருக்கிறது. பென்ஹேல் அசராமல் திரும்பக் கொண்டுவருகிறாள். நீ ஆதரித்துப் பேசவேண்டாம். உன் பதவி போகவேண்டாம். வாயை மூடிக்கொண்டு இரு. உன்னிடம் நான் கேட்பது அவ்வளவு கேவலமாகச் சுருங்கிப்போய்விட்டது. அதையாவது செய்.

பெரில்


லண்டன்
மார்ச் 21

அக்கா,

உன் கடிதத்தை ரயிலில் படித்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் "உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை என் வாய் திறக்காது. சத்தியம். கொறடாவிடம் சொல்லிவிட்டேன், "ஊர்ல என் குரலை எல்லாருக்கும் தெரியும், இந்தத் தடவை என்னை விட்டுடுங்க" என்று. முறைத்தார். பரவாயில்லை.

இத்தோடு இந்தச் சண்டையை முடித்துக்கொள்வோம். ஏப்ரல் 21 நம் கிளைக் கூட்டம். அடுத்த தேர்தலுக்கு என்னையே நிறுத்துவது பற்றி முடிவு செய்யவேண்டும். உனக்குத் தெரியாததா? தலைவர் "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் வாக்கெடுப்பே கிடையாது. நீ வழக்கம்போல் என் பெயரை முன்மொழி. ஐந்து நிமிட வேலை. அப்புறம் உன் வீட்டுக்கு வருகிறேன். உலர்பழ ரொட்டி சுட்டு வை, மேலே பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று. லண்டனில் அதைக் கேக் என்று நினைத்து வெண்ணெய்கூடத் தடவாமல் கொடுக்கிறார்கள்.

உன் தம்பி,
ராட்னி


ஆல்டர்பி
மார்ச் 25

ராட்னி,

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டாய். உன் வாய் திறக்கவில்லை.

நேற்றுக் கடையில் ஐவி மட்டுமில்லை, ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். கென்கூட வந்து சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார். இந்தத் தடவை கேமரா அவை முழுவதையும் காட்டியது. உன்னைப் பார்த்ததும் நான்தான் முதலில் சொன்னேன், "அதோ பாருங்க, பேசாம உக்காந்திருக்கான்" என்று. எனக்கு அவ்வளவு சந்தோஷம். கைதட்டக்கூடப் போனேன், முட்டாள்.

"வயல் முயல் பாதுகாப்பு மசோதா" என்றார்கள். அமைதி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு முன்னால் இருந்த வரிசையில் ஓர் ஆள், புதிதாக ஜெயித்து வந்தவர் போலிருக்கிறது, குனிந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் மசோதா தாண்டியிருக்கும். நீ உன் கையை நீட்டி அவர் தோளில் தட்டினாய். அந்த ஆள் திடுக்கிட்டு நிமிர்ந்து, "ஆட்சேபம்!" என்றார்.

ஐவி தன் பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

கென்தான் கடைசியில் சொன்னார். "வாயைத் திறக்கமாட்டேன்னு சொன்னான். கையைப் பத்தி நீ கேக்கலையே பெரில்."

உன் கையை நான் கேட்டிருக்கவேண்டும். காலையும் கேட்டிருக்கவேண்டும். உன்னை உறுப்பு உறுப்பாக எழுதி வாங்கியிருக்கவேண்டும். என் தம்பி என்று ஒட்டுமொத்தமாக நம்பியதுதான் தப்பு.

பெரில்


லண்டன்
மார்ச் 30

அக்கா,

அவர் அந்த வேலைக்குத்தான் அங்கே உட்கார்ந்திருந்தார். மறந்துபோய்க் கைப்பேசியில் மூழ்கிவிட்டார். நான் தட்டாவிட்டால் பக்கத்தில் இருந்தவர் தட்டியிருப்பார், அவர் தட்டாவிட்டால் கொறடாவே கத்தியிருப்பார். மசோதா எப்படியும் போயிருக்கும். என் கை தானாகப் போயிற்று என்றால் நீ நம்பமாட்டாய். பக்கத்தில் கொறடா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்றாலாவது நம்பு.

நீ என்னை விசாரணைக் கூண்டில் நிறுத்தி எத்தனை கடிதம் எழுதிவிட்டாய்! நானும் மனிதன். பத்தொன்பது வருஷமாக இந்தக் கட்சிக்கு நாற்காலி போட்டிருக்கிறேன், ஒரு நாற்காலி எனக்கு வரும்போது நீ காலைப் பிடித்து இழுக்கிறாய். மற்றவர்களின் அக்காக்கள் எல்லாம் பெருமைப்படுவார்கள். நீ கடையில் கூட்டம் கூட்டி என்னை வேடிக்கை காட்டுகிறாய். அதுவும் அந்த ஐவி பிக்கெட்டுக்கு முன்னால்! அவள் குடும்பமே அந்தப் பக்கத்து ஆட்கள். உனக்கு எப்போதும் யார் நம்மவர், யார் அடுத்தவர் என்று தெரியாது. அதனால்தான் நீ இன்னும் கிளைச் செயலாளராகவே இருக்கிறாய்.

இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடித்துவிடவும் இல்லை.

உதவியாளர் பதவி உறுதியாகிவிட்டது. கூட்டத்துக்கு முன்பே அறிவிப்பு வரும். 21ஆம் தேதி நீ என்னை முன்மொழியவேண்டாம், டென்ஹோமே முன்மொழிவதாகச் சொல்லிவிட்டார். வந்து குறிப்பு எழுதிக்கொள். மற்றதையெல்லாம் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்வோம். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ராட்னி


லண்டன்
ஏப்ரல் 22, சனிக்கிழமை

அக்கா,

காலையில் கடைக்கு வந்தேன். கதவில் 'மூடப்பட்டுள்ளது' என்று அட்டை தொங்கியது. உள்ளே விளக்கு எரிந்தது, நீ எடைபோடும் சத்தம்கூடக் கேட்டது. தட்டினேன். எடைபோடும் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை. ரயிலைப் பிடித்துவிட்டேன்.

நேற்று என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். உனக்குத் தெரியும், வேட்பாளரைப் பற்றிப் பேசும்போது வேட்பாளர் மண்டபத்தில் இருக்கக் கூடாது என்பது நம் கிளை வழக்கம். என்னைச் சமையலறையில் உட்காரவைத்தார்கள். தேநீர்ப் பாத்திரம் இரைந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் டென்ஹோமின் குரல் கேட்டது, "யாருக்கும் ஆட்சேபம் இல்லையே?" என்று. அவர் அதைக் கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. நான் கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

அப்போது ஒரு குரல் வந்தது. ஒரே வார்த்தை.

அப்புறம் நாற்காலிகள் இழுபட்ட சத்தம், பல பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். டென்ஹோம் உள்ளே வந்து, "ஒரு சின்ன சிக்கல், ஒரு உறுப்பினர் ஆட்சேபம் சொல்லிட்டார். இனி எல்லா உறுப்பினர்களுக்கும் தபால்ல வாக்குச்சீட்டு அனுப்பித்தான் ஆகணும்" என்றார். யார் என்று கேட்டேன். "பெயர் சொல்றது வழக்கமில்லை" என்றார்.

எனக்கு அந்தக் குரல் தெரியும் என்று நினைக்கிறேன். தேநீர்ப் பாத்திரம் இரைந்ததால் தவறாகக் கேட்டிருக்கலாம். வாக்குச்சீட்டு போனால் இந்தத் தொகுதி எனக்கு மிஞ்சுமா என்று தெரியவில்லை. பதவி வந்து மூன்றாம் நாள் இது. திங்கட்கிழமை அலுவலகத்தில் என்னை வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.

அது நீ இல்லை என்று எழுது அக்கா. வேறொன்றும் வேண்டாம்.

ராட்னி


ஆல்டர்பி
ஏப்ரல் 24

அன்புள்ள திரு. லெகட் அவர்களுக்கு,

கிளைக் கூட்டம் தொடர்பாகத் தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. நேரம் ஒதுக்கி எழுதியமைக்கு என் மனமார்ந்த நன்றி.

இதற்கு மேல் அந்த நடையில் என்னால் எழுதமுடியவில்லை. நீ எப்படித்தான் நாள் முழுக்க எழுதுகிறாயோ.

நான்தான், ராட்னி.

கூட்டத்துக்குப் போவதா வேண்டாமா என்று அன்று மத்தியானம்வரை எனக்கே தெரியாது. உலர்பழ ரொட்டி சுட்டு வைத்திருந்தேன். நீ கேட்டாய் என்றுதான் சுட்டேன், கோபத்திலும் கை அதைச் செய்தது. கூட்டத்துக்குப் போய் வழக்கம்போல் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டென்ஹோம் உன் புதுப் பதவியைப் பற்றிப் பேசினார். "நம்ம முயலுங்க இனி பத்திரமான கையில இருக்கு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் நிலத்து வரப்பு ஓரத்தில் கென் பொறுக்கி வந்ததுகள் எங்கள் தோட்டத்தில் புதைந்திருக்கின்றன. எனக்குக் காது அடைத்துவிட்டது. ஆட்சேபம் இல்லையே என்று அவர் கேட்டதுதான் அப்புறம் காதில் விழுந்தது.

உன் சத்தத்தைப் போல என் சத்தம் பெரிதில்லை. முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்று இரண்டாம் தடவை சொன்னேன். நீ கேட்டது அதைத்தான்.

"நீங்க செயலாளர் பெரில், நீங்க எப்படி..." என்றார் டென்ஹோம். "உறுப்பினரும்தான்" என்றேன். "காரணம் சொல்லணும்னு அவசியம் இல்லை" என்று அவசரமாகச் சொன்னார். நான் சொன்னேன். துண்டறிக்கையைக் காட்டிச் சொன்னேன், வெள்ளிக்கிழமை இரண்டையும் சொன்னேன், தோளில் தட்டியதைச் சொன்னேன், அவர் நிலத்துக் குட்டிகளையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன், அதையும் மறைக்கவில்லை. "என் தம்பி சொன்னா செய்வான்னு உங்க எல்லார் வாசல்லயும் வந்து நின்னவ நான்தான். அந்த வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கறேன்" என்றேன். எனக்குப் பக்கத்திலிருந்த இரண்டு பேர் எழுந்து வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். நீ தோற்கலாம், தோற்காமலும் போகலாம். வாக்குச்சீட்டில் உன் பெயர் இருக்கும், ஊர் முடிவு செய்யட்டும்.

கதவைத் திறக்காதது கோபத்தால் இல்லை. திறந்தால் உன் முகத்தைப் பார்த்து ரொட்டியை எடுத்துக் கொடுத்துவிடுவேன். அதை ஐவிக்குக் கொடுத்துவிட்டேன். "உங்க கட்சி ரொட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

கூட்டக் குறிப்பின் நகல் இத்துடன் இருக்கிறது. "'ஓர் உறுப்பினர் ஆட்சேபித்தார்'னு எழுதினா போதும்" என்றார் டென்ஹோம். "அது லண்டன் வழக்கம்" என்று சொல்லிவிட்டேன். பெரில் ஸ்கெல்டன், தீவனக் கடை, ஆல்டர்பி என்று முழுதாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சந்தேகமாக இருந்தால் விரலில் எச்சிலைத் தொட்டுத் தேய்த்துப் பார். மை கலையும்.

படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

பெரில்